மிளகாய்க்கு அடுத்த ஆள்

பூவலிங்கத்துக்கு அறுபத்துமூன்று வயது. அவருடைய குரு வடிவம்மைக்கு நாற்பத்தொன்று. மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டு பூவலிங்கத்தின் காலில் விழுவார்கள். அவரும் அவசரப்பட்டுத் தடுக்கமாட்டார்.

அவருக்கு ஒரே ஒரு குறைதான். மூன்று வருஷமாகக் கேட்டும் குரு காவி கொடுக்கவில்லை.

"எல்லாத்தையும் விட்டாச்சு தாயே," என்றார் ஒரு நாள் காலையில். "வீடு மகன் பேர்ல. தோட்டம் மக பேர்ல."

"உங்க மாவு மில்லு?"

"அப்பா போனதுமே வித்துட்டேன். இருபது வருஷம் ஆச்சு. அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கிறதில்ல."

வடிவம்மை உள்ளே போய், ஊறவைத்து உலர்த்திய பச்சரிசியை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்தார்.

"புட்டுக்கு அரைச்சுட்டு வாங்க ஐயா. அந்த மில்லுலயே. அப்புறம் பேசுவோம்."

மில்லில் எல்லாம் மாறியிருந்தது. கூரை புதுசு, பெயர்ப்பலகை புதுசு, முதலாளி ஒரு இளம்பெண். இயந்திரம் மட்டும் பழசு. பெல்ட் அதே படபடப்போடு ஓடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அவர் இமையெல்லாம் மாவோடு பள்ளிக்கூடம் போவார். எந்த நாடகத்தில் வேஷம் கட்டுகிறாய் என்று வாத்தியார் கேட்பார். அந்த வாத்தியாரைக்கூட இப்போது கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது அவருக்கு.

வரிசையில் அவர் ஏழாவது ஆள். முதல் ஆளின் மிளகாய் வற்றல் அரைபட்டுக்கொண்டிருந்தது.

மிளகாய்க்கு அடுத்து நிற்க எந்த மில்லிலும் யாருக்கும் விருப்பமிருக்காது. அடுத்து விழுகிற மாவில் காரம் ஏறிவிடும். அதனால் மிளகாய் ஓடும்போது வரிசையில் திடீரென்று பெருந்தன்மை வந்துவிடும்.

"நீங்க போங்கக்கா."

"எனக்கென்ன அவசரம்? நீ போம்மா, பச்சப்பிள்ளையை விட்டுட்டு வந்திருக்க."

பூவலிங்கம் விறுவிறுவென்று முன்னால் போய் வாளியை நீட்டினார்.

"சாமி, இப்பத்தான் வத்தல் அரைச்சிருக்கு," என்றாள் மில்லுக்காரப் பெண்.

"இருக்கட்டும்மா."

வரிசையே கைகூப்பியது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது வற்றல் நெடியாகவும் இருக்கலாம்.

மடத்துக்குத் திரும்பிய பூவலிங்கத்தின் நடையே வேறாக இருந்தது.

"யாரும் நிக்கமாட்டேன்னாங்க தாயே. அடுத்தவங்களுக்காக நானே போய் நின்னேன். பற்று இருக்கிறவனால முடியுமா?"

குரு மாவைப் பார்த்தார். அது வெளுப்பாக இல்லை. அதை வறுத்து, புட்டு அவித்து, சர்க்கரையும் பழமும் சேர்த்து இரண்டு தட்டில் வைத்தார்.

முதல் வாயிலேயே குருவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. செம்பைத் தேடி ஓடினார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் பூவலிங்கத்தின் தட்டு காலி. குருவின் தட்டும் காலி. பூவலிங்கத்தின் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"உறைக்குதா ஐயா?"

"இல்ல தாயே. மிளகாய் ஓடினா எங்கப்பா எங்க வீட்டு அரிசியைத்தான் அடுத்துப் போடுவார். ஊரார் மாவு கெட்டுடக் கூடாதாம். அதனால எங்க வீட்டுப் புட்டு எப்பவும் இப்படித்தான். புட்டுன்னாலே உறைக்கும்னு நினைச்சிருந்தேன். சேக்காளி வீட்டுல ஒரு நாள் உறைக்காத புட்டு வச்சாங்க. பாவம், மிளகாய் வாங்க வழியில்ல போலன்னு, மறுநாள் ஒரு பொட்டலம் வத்தப்பொடி கொண்டுபோய்க் கொடுத்தேன்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அப்பா போனப்புறம் இந்தப் புட்டை நான் தின்னதே இல்ல தாயே."

"அப்ப, வரிசையில முன்னால போனது?"

பூவலிங்கம் காலித் தட்டைப் பார்த்தார்.

"இதுக்குத்தான்."

பிறகு மெல்லக் கேட்டார். "அப்ப காவி?"

"மாவு இன்னும் நாலு கிலோ கிடக்கு. மடத்துல வேற யாராலும் தின்ன முடியாது. தினமும் நீங்களே சாப்பிடுங்க. என்னைக்கு அது வெறும் காரமா மட்டும் இருக்கோ, அன்னைக்கு வந்து கேளுங்க."

பூவலிங்கம் தட்டை நீட்டினார்.