கிடாருக்கு விட வேண்டிய இடம்

"மாஸ்டர், இன்னிக்கு என் பேரை எடுத்துடுங்க" என்றாள் ஜெசிந்தா.

டெல்ஃபின் கிடாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"தொண்டையாக்கா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

"பயமா இருக்கு."

டெல்ஃபின் பழைய கம்பியைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

குருவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அவளிடம் பாட்டு கற்றுக்கொள்ள வந்தவளுக்கு நாற்பது நெருங்குகிறது. அதனால் குரு அக்கா என்பாள். சிஷ்யை மாஸ்டர் என்பாள். கேட்பவர்களுக்குத்தான் குழப்பம்.

அது மலை மேல் ஒரு சின்ன ஊர். மழை விட்ட வாரத்தில், ஏரிக்கரைப் புல்வெளியில், ஆண்டுதோறும் அங்கே ப்ளூஸ் இசை விழா நடக்கும். மேலே கூரை கிடையாது. கேட்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து போர்வை கொண்டுவந்து விரித்துக்கொள்வார்கள். வேர்க்கடலைக்காரர் நடுவில் நடப்பார். மேகம் வந்தால் பாடுகிறவர் முகமே தெரியாது, குரல் மட்டும் வரும். யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

அன்று மதியம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர், உடைந்த பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு கிடார் கம்பிமேல் இழுத்து வாசித்துவிட்டுப் போயிருந்தார். பிறகு பெங்களூர்க் குழு ஒன்று மலையே அதிரும்படி வாசித்தது. அது முடியும்வரை ஜெசிந்தாவின் கணவர் பெலிக்ஸ், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏரியின் மறுகரைக்குப் போய்விட்டார். அந்த நேரம் முழுக்க ஜெசிந்தா மறுகரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து அவர்கள் முறை.

ஜெசிந்தாவுக்குக் கூட்டம் பயமில்லை. கன்னியர் பள்ளியில் படிக்கும்போதே கொயர் பாட்டுக் குழுவில் முதல் வரிசை. கல்யாண வீடுகளில் பாடியிருக்கிறாள். இதே புல்வெளியில், இதே மேடையில் பாடியிருக்கிறாள். அதெல்லாம் மிரியா பிறப்பதற்கு முன்.

மிரியாவுக்கு ஏழு மாதம். கடவுளிடம் கேட்டுக் கேட்டு, இனி கேட்பதில்லை என்று இவர்கள் விட்ட பிறகு வந்தவள்.

"நான் பாடிட்டு இருக்கும்போது அவ மூச்சு எனக்குக் கேட்காது மாஸ்டர்" என்றாள் ஜெசிந்தா. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வாயால் சொன்னால் நடந்துவிடுமோ என்று இருந்தது.

"பெலிக்ஸ் அண்ணன் பக்கத்துலதானே இருக்கார்."

"அவர் தூங்கிடுவார்."

அது உண்மை. பெலிக்ஸ் உட்கார்ந்த இடத்தில் தூங்குவார். கல்யாண ஆல்பத்தில் அவர் கண் திறந்திருக்கும் படங்கள் குறைவு.

டெல்ஃபின் கம்பியை முறுக்கினாள். தட்டிக் கேட்டாள். இன்னும் கொஞ்சம் முறுக்கினாள்.

ஒத்திகையை மறுபடி ஆரம்பித்து இரண்டு மாதம், ஆரம்பித்த நாளிலிருந்தே சரியில்லை. என்ன சரியில்லை என்று டிரம்ஸ் வாசிக்கும் ஆல்வினையும் சேர்த்து மூன்று பேருக்கும் தெரியும்.

ப்ளூஸ் பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் ஒரு வரி பாடுவார். உடனே நிறுத்திவிடுவார். அந்த வரி எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவு நீளத்துக்கு ஒரு காலி இடம். அந்த இடத்தில் கிடார் பதில் சொல்லும். பிறகு அதே வரி இன்னொரு முறை, இன்னொரு காலி இடம். மூன்றாவதாகத்தான் புது வரி. பாடுகிறவருடையது பாதி, கிடாருடையது பாதி.

பிள்ளை பிறந்த பிறகு ஜெசிந்தாவால் அந்த இடத்தை விட முடியவில்லை. வரி முடிந்ததும் ம்ம்ம் என்று இழுப்பாள். கடைசிச் சொல்லைத் திரும்பச் சொல்வாள். இல்லாவிட்டால் ஆமா, ஆமா என்று ஏதாவது போட்டு நிரப்புவாள். டெல்ஃபின் வாசிக்க விரலை எடுத்துவந்து, இடமில்லாமல், கம்பிக்கு மேலேயே வைத்துக்கொண்டிருப்பாள்.

ஆல்வின் சும்மா இருக்க மாட்டான். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகச் சீட்டுக்கு டவல் போடுகிற ஆள் நீங்கள்தான் என்பான். மாஸ்டரோட சீட்டுக்கும் சேர்த்தே டவல் போடுகிறீர்கள், பாவம் அவள் தொங்கிக்கொண்டே வருகிறாள் என்பான். ஜெசிந்தாவும் சேர்ந்து சிரிப்பாள். அடுத்த வரியில் மறுபடியும் நிரப்புவாள்.

டெல்ஃபின் இதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதுதான் கேட்டாள்.

"பாப்பா தூங்கும்போது என்னக்கா பண்ணுவீங்க?"

"மூக்குக்கிட்ட விரல் வெச்சுப் பார்ப்பேன்."

"பார்த்து?"

"ஒரு மூச்சு விடுவா. அப்புறம் அடுத்தது வரணும்ல, அதுக்கு நடுவுல கொஞ்ச நேரம் ஒண்ணுமே இருக்காது மாஸ்டர்."

"அப்போ?"

"என்னால தாங்க முடியாது. காலைப் புடிச்சு அசைச்சிடுவேன்."

"அசைச்சா?"

"முழிச்சு அழுவா. அதுக்கப்புறம்தான் எனக்கு நிம்மதி."

"அவளுக்கு?"

ஏரிப் பக்கமிருந்து மேகம் புல்வெளிக்கு ஏறி வந்துகொண்டிருந்தது.

மேடையில் அறிவிப்பாளர் இவர்கள் பெயரைச் சொன்னார். ஆல்வின் எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, வருகிறீர்களா நான் மட்டும் போய் அழவா என்று கேட்டுவிட்டுப் படியேறினான்.

"இன்னிக்கு ஏறலைன்னா நான் இனிமே ஏற மாட்டேன்" என்றாள் ஜெசிந்தா. "அது எனக்கே தெரியுது. ஆனா முடியல மாஸ்டர். என்ன பண்ணட்டும்?"

"நீங்க ஏறுங்க. நான் வரல."

"கிடார்?"

"பதில் சொல்ல வேற ஆள் வெச்சிருக்கேன்."

"யாரு?"

டெல்ஃபின் கிடாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஜெசிந்தா மேடைக்குப் பின்னாலிருந்த கூடாரத்துக்கு ஓடினாள். மிரியா கூடையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கம்பளித் தொப்பி ஒரு கண்ணை மூடியிருந்தது. பெலிக்ஸ் விழித்துத்தான் இருந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன், போ, என்றார். சொல்லும்போதே ஒரு கொட்டாவி வந்தது. அதை அவர் மென்று விழுங்கினார்.

அவள் படியேறினாள்.

மேடையில் ஆல்வின் மட்டும் இருந்தான். கிடார்க்காரருக்குப் போட்ட நாற்காலி காலி. நாற்காலி முன்னால் வைக்கும் மைக்கையும் காணோம். ஸ்டாண்டு மட்டும் நின்றது. மைக்கின் வயர் மேடைப் பலகைமேல் ஓடி, விளிம்பில் இறங்கி, பின்பக்கம் எங்கோ போனது.

ஆல்வின் இரண்டு பிரஷ்ஷால் டிரம்மை மெல்லத் தேய்க்க ஆரம்பித்தான். தரையைப் பெருக்குகிற சத்தம்போல இருந்தது.

ஜெசிந்தா பாடினாள்.

மலையேறி வந்த மேகம் என் வாசல்ல நிக்குது.

வரி முடிந்தது. காலி இடம் வந்தது. வாய் தன்னால் ம்ம்ம் என்று இழுத்தது. அந்த ம்ம்முக்கு அடியில் என்னவோ ஒன்று கேட்டது.

அவள் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி, அவளைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்பதற்காக வைப்பது. எதிரே இருப்பவர்களுக்கு அதில் வருவது கேட்காது. சத்தம் அதிலிருந்துதான் வந்தது. வயர் கோளாறு என்று நினைத்தாள்.

மலையேறி வந்த மேகம் என் வாசல்ல நிக்குது.

இந்த முறை வாயை மூடிக்கொண்டாள். அது என்ன என்று கேட்பதற்காக.

மெல்லிய காற்று. உள்ளே போனது, வெளியே வந்தது. வெளியே வரும்போது சளி கட்டிய சின்ன விசில்.

வேறு யார் கேட்டிருந்தாலும் வயர் கோளாறு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். கூடாரத்தின் துணி ஒதுக்கிக் கட்டியிருந்தது. டெல்ஃபின் கூடைப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கோயிலில் மெழுகுவர்த்தி பிடிப்பதுபோல, இரண்டு கையாலும் மைக்கை மிரியாவின் முகத்தருகே பிடித்திருந்தாள்.

ஆல்வின் பெருக்கிக்கொண்டே இருந்தான்.

உள்ள வான்னு சொன்னேன், அது வரவுமில்ல போகவுமில்ல.

வாயை மூடினாள். மூச்சு வந்தது. போனது. பிறகு அந்த ஒன்றுமில்லாத நேரம்.

அசைப்பதற்கு மிரியாவின் கால் எட்டாது. கை நீட்டினால் மைக் ஸ்டாண்டுதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் செய்ய முடியாமல் நின்றாள்.

அடுத்த மூச்சு வந்தது. அதுவாகவே.

விளக்கை அணைக்கச் சொல்றாரு, எனக்கு மனசு வரல.

நிறுத்தினாள். நின்றாள். வந்தது.

விளக்கை அணைக்கச் சொல்றாரு, எனக்கு மனசு வரல.

வந்தது.

வெளிச்சத்துல பார்த்தே தீரல, இருட்டுல எதைப் பார்ப்பேன்?

புல்வெளியில் இருந்தவர்களுக்கு ஒரு பெண்ணின் குரல் கேட்டது. அது நின்றதும் பிரஷ் சத்தம் மட்டும் கேட்டது. பதில் சொல்ல யாரும் இல்லாத பாட்டு. வேர்க்கடலைக்காரர் நடப்பதை நிறுத்தினார். போர்வையில் படுத்திருந்த சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அவள் எதையோ கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைப் பாடுகிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்தது. எதை என்று தெரியவில்லை. அவர்களும் காது கொடுத்தார்கள்.

ஜெசிந்தாவின் குரல் இறங்கி, அகலமாகி, இரண்டு மாதமாக வராத இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆல்வின் அவளைப் பார்த்தான். டவல் பேச்சு எதுவும் அவன் முகத்தில் இல்லை.

பாட்டில் இன்னும் ஒரே ஒரு கண்ணி பாக்கி.

அப்போது காலடிப் பெட்டி 'டொக்' என்றது.

அதோடு சரி. மூச்சும் இல்லை, விசிலும் இல்லை.

ஜெசிந்தா திரும்பினாள். கூடாரத்தின் துணியை இறக்கி விட்டிருந்தார்கள். டெல்ஃபின் ஒரு கையில் மைக்கும் மறு கையில் கிடாருமாகப் படியேறி வந்துகொண்டிருந்தாள். வந்து மைக்கை அதன் ஸ்டாண்டில் பொருத்தினாள். கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஜெசிந்தா தன் மைக்கைக் கையால் பொத்தினாள்.

"மிரியா?"

"தூங்குறா."

"இப்போவா?"

"நான் கிளம்பும்போது தூங்கினா."

"இப்போ, மாஸ்டர்?"

டெல்ஃபின் அவளை நேராகப் பார்த்தாள்.

"இங்கேருந்து எனக்கும் கேட்கலக்கா."

இடது பக்கம் படிக்கட்டு இருந்தது. ஜெசிந்தாவின் ஒரு கால் ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கீழே கூடாரத்துக்குள், துணிக்குப் பின்னால், அவள் மகளும் அவள் கணவரும். விழித்திருக்கிறாரோ, தூங்கிவிட்டாரோ.

ஆல்வின் பெருக்கிக்கொண்டிருந்தான். விட்டால் விடியும்வரை அப்படியே பெருக்குவான்.

மேகம் மேடைக்குள் வந்துவிட்டது. முதல் வரிசைப் போர்வைகள் மறைந்தன. பிறகு புல்வெளி மறைந்தது. யாரும் எழுந்து போகிற சத்தம் கேட்கவில்லை.

ஜெசிந்தா மைக்கிலிருந்து கையை எடுத்தாள். கால் திரும்பியபடியேதான் இருந்தது. பாடினாள்.

கொடியில காயுற துணி மாதிரி ஆடுது என் நெஞ்சு.

வாயை மூடிக்கொண்டாள்.

டெல்ஃபினின் விரல்கள் கம்பிக்கு மேலே வந்து நின்றன. வாசிக்கவில்லை.

அவள் அவசரப்படவில்லை.

ஜெசிந்தாவும் அந்த இடத்தை நிரப்ப அவசரப்படவில்லை.