அடுப்புக்கு எதிரே ஒரு கண்ணாடி

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதைப் பகலில் படியுங்கள். முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு அவசரமில்லாமல் பதில் சொல்லுங்கள்.

ஓர் ஏரியை மண் கொட்டித் தூர்த்து, அதன்மேல் அரசாங்கம் ஐந்து மாடிக் குடியிருப்புகளை வரிசையாக எழுப்பியது. கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அங்கே வீடு கிடைத்தது. ஏழாம் பிளாக்கின் தரைத்தளத்தில் ஒரு வீடு வேதவல்லிக்கு. பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த வீடு. கணவன் லாரி ஓட்டுபவன், மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் அவளும், தவழும் பெண்குழந்தையும்தான்.

குடிவந்த சில மாதங்களிலேயே அந்த வீடு நடந்துகொண்ட விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. சாத்திய கதவு தானாகத் திறந்துகொண்டது. குழந்தையை நடுக்கூடத்தில் விட்டுவிட்டு எப்போது திரும்பி வந்தாலும் அது ஒரே மூலையில்தான் இருந்தது. சித்திரை வெயிலிலும் தரைக்கு அடியில் தவளைகள் கத்தின. பிறகு ஒருநாள், அடுப்புக்கு நேர் எதிர்ச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல்.

உதவிப் பொறியாளர் பிரபாவதி வந்து பார்த்தார். விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே வைத்து, இரு முனையிலும் சிமெண்ட் பூசினார். ஈரப் பூச்சில் அன்றைய தேதியைக் கீறினார்.

"மூணு மாசம் இது உடையாம இருந்தா, மண்ணு இறங்குறது நின்னுடுச்சுன்னு அர்த்தம். உடைஞ்சா இன்னும் இறங்குதுன்னு அர்த்தம். அப்புறம் பிளாக்கையே காலி பண்ணணும். யாரும் தொடாதீங்க. உடைஞ்சா எனக்குச் சொல்லணும், என்ன?"

"சொல்றேன் மேடம்," என்றாள் வேதவல்லி.

மாடி வீட்டு சகுந்தலா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "எங்க சுவத்துக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது. உன் சுவத்துக்கு மட்டும் நெத்திச்சுட்டி போட்டு விட்டுட்டாங்க, பாரு."

பதினாறாம் நாள் மதியம் சமையலறையில் கிணுக் என்று ஒரு சத்தம். வேதவல்லி ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கே யாருமில்லை. கண்ணாடியில் பாதி சுவரில் இருந்தது, பாதி தரையில் கிடந்தது. குழந்தை அதை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தது.

உடைந்த கண்ணாடியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவள் அவள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பூச்சு அப்படியே இருக்க, சுவரில் இருந்த துண்டையும் பிடுங்கி, எல்லாவற்றையும் காகிதத்தில் மடித்து வெளியே எறிந்தாள். அதன் பிறகுதான் சொன்ன வாக்கு நினைவுக்கு வந்தது. கூடவே, பிளாக்கைக் காலி செய்தால் திரும்பிப் போகவேண்டிய கால்வாய்க் கரையும் நினைவுக்கு வந்தது. பொறியாளரைக் கூப்பிடாமல், பராமரிப்பு வேலை பார்க்கும் கொத்தனார் முனிரத்தினத்தைக் கூப்பிட்டாள்.

"தானா உடைஞ்சுதுண்ணே. சத்தியமா நான் கை வெக்கல."

"கண்ணாடின்னா உடையத்தாம்மா செய்யும். அதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு. ஒழுங்கா பாத்துக்கலன்னு என்னைத்தான் தூக்கிடுவாங்க. இரு, புதுசு வெச்சிடறேன்."

தேதி கீறிய பூச்சுக்குச் சேதம் வராமல், அதே இடத்தில் புதுத் துண்டு ஒன்றைப் பொருத்தினார். அது பத்து நாளில் உடைந்தது. அடுத்தது ஆறு நாளில். அதன் பிறகு எத்தனை துண்டு மாற்றினார்கள் என்று இருவருமே எண்ணவில்லை. கடைசித் துண்டை வைத்தது, பிரபாவதி வருவதாக இருந்த நாளுக்கு முந்தின நாள்.

பிரபாவதி வந்தார். கண்ணாடி முழுசாக இருந்தது, தேதியும் அவர் எழுதியதேதான். சுவரில் விரலை வைத்தார். தாளித்த எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. அதே விரலைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியின்மேல் ஓட்டினார். பிறகு அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை யாராவது தொட்டீங்களா?"

"இல்ல மேடம்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எட்டாம் பிளாக்கின் திறப்பு விழா வியாழக்கிழமை. பந்தல்கூடப் போட்டாகிவிட்டது. அவர் பதிவேட்டில், "கண்ணாடி உடையவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குத் தவளைகள் கத்துவது நின்றது. ஒவ்வொன்றாக ஓயவில்லை. எல்லாம் ஒரே நொடியில் நின்றன. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேதவல்லி நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். கண்ணாடி இரண்டாகி, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தது. அந்த இடைவெளி அவள் பார்க்கப் பார்க்க அகன்றது.

குழந்தையை வாரிக்கொண்டு படியேறி ஓடினாள். கண்ணாடி உடைந்தது என்று சொன்னால் யார் எழுந்து வருவார்கள்? வாசலுக்கு வாசல் கதவைத் தட்டி, "கேஸ் லீக்காவுது, வெளிய வாங்க" என்று கத்தினாள். அவள் வீட்டு சிலிண்டர் முந்தின நாளே தீர்ந்திருந்தது.

எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாக வந்த நாலாம் மாடிக்காரர் டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அடுப்ப அணைக்கத் தெரியாதவளுக்கெல்லாம் கவர்மெண்டு வீடு" என்று திட்டியபடியே வந்தார். அவர் திட்டி முடிக்கும் முன்பே, எருமை சேற்றில் படுப்பதுபோல ஏழாம் பிளாக் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. வேதவல்லியின் சமையலறை ஜன்னல் வழியாகக் கறுப்புச் சேறு மெதுவாக உள்ளே போனது.

இப்போது கேள்வி. வேதவல்லி தொடவில்லை என்றாள். முனிரத்தினம் பழைய தேதியின்கீழ்ப் புதுக் கண்ணாடியை வைத்தார். பிரபாவதி கண்ணால் கண்டதை மட்டும் எழுதினார். இந்த மூவரில் பெரிய பொய் யாருடையது?

விடை: பிரபாவதியுடையது, அவர் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லையென்றாலும். மூன்று மாதம் அடுப்புக்கு எதிரே இருந்த கண்ணாடியில் பிசுக்கு இல்லை என்று அவர் விரல் அவருக்குச் சொல்லிவிட்டது. வேதவல்லி தெரிந்தே மறைத்தாள், அந்தப் பழி அவளோடு இருக்கட்டும். அத்தனை பேரை உயிரோடு வெளியே கொண்டுவந்த பொய்யும் அவளுடையதுதான். முனிரத்தினத்துக்கு அந்தக் கண்ணாடி சுவரில் மாட்டிவைக்கும் ஒரு சாமான், அவ்வளவுதான். உடைந்த கண்ணாடியைக் கண்டால் யாருக்கும் பயம் வரும். உடையாத கண்ணாடியைக் கண்டு பயப்படத் தெரிந்தவர் அந்தச் சமையலறையில் ஒருவர்தான். அவர் பயந்தும் போனார். அதனால்தான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.