வாசல் இல்லாத சித்திரம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, கோடல்நாட்டில் ஆதன் என்று ஒரு சித்திரக்காரன் இருந்தான். ராஜா மாளிகை கட்டுவதென்றால், முதலில் ஆதன் அதன் உள்ளறையை நீர்வண்ணத்தில் வரைந்து காட்ட வேண்டும். ராஜா தலையாட்டினால்தான் கொத்தனார் கரண்டியையே தொடுவார். ஊரார் அறைக்கெல்லாம் வெளிச்சம் வைத்தவன் தன் வீட்டைக் கவனித்தானா? அதுதான் இல்லை!

அவன் மனைவி வெண்ணி மூன்று முறை கேட்டாள். "ஏங்க, ஆற்றுப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வையுங்களேன். அப்பா தோணியில் நம்ம வீட்டைத் தாண்டித்தான் போறார். கையசைக்கிறாராம், எனக்குத் தெரியமாட்டேங்குதே." மூன்று முறையும் ஆதன், "நாளைக்கு வெண்ணி, நாளைக்கு" என்றான். ஓர் ஐப்பசியில் அப்பா காய்ச்சலில் கண்ணை மூடினார். அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

ஒருநாள் வலையில் சிக்கிய அணில் ஒன்றை ஆதன் விடுவித்தான். அது தன் வால்மயிரில் ஒரு கொத்தைக் கொடுத்து, "இதில் தூரிகை கட்டு. வரைவது உயிர் பெறும், ஈரம் காயும் வரைக்கும்" என்றது.

அந்தத் தூரிகையால் ராணியின் அறையை வரைந்தான். அடடா, என்ன அறை அது! தேக்குத் தூண்கள். மேலே போகப் போக மெலிந்து கரையும் நிழல். தாளின் வெள்ளையைத் தொடாமல் விட்டே தரையில் வெயிலை விழ வைத்திருந்தான், பாருங்கள்! கடைசியாகப் பெரிய ஜன்னல், அதில் ஆறு. கை தானாகவே ஒரு தோணியையும் வைத்தது.

"எதையோ மறந்துட்டே, ஆதா!" என்றது உத்தரத்தில் இருந்த அணில். தூண்களை எண்ணினான். சரியாக இருந்தது. "எதையோ மறந்துட்டே, ஆதா!" நிழலைப் பார்த்தான். அதுவும் சரி.

அப்போது கஞ்சிக் கலயத்தோடு வெண்ணி வந்தாள். "ஐயோ, அப்பா தோணி!" கலயம் விழுந்து உடைந்தது. ஓரடி வைத்தாள், படத்துக்குள் போய்விட்டாள்.

"வெண்ணி, திரும்பி வா!"

"எப்படிங்க வர்றது? வாசலையே காணோமே!"

ஆதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறையை வரைகிறவர்கள் வாசலில் நின்றுதான் வரைவார்கள். மூன்று சுவரும் படத்தில் வரும். வாசல் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

அணில் குதித்து வந்தது. "எல்லாம் காய்ந்தால் அவள் உள்ளேயேதான். தூரிகையின் மாயம் தீர்ந்துவிட்டது, புது வண்ணத்துக்கு இனி உயிர் வராது. படத்தில் ஈரமாக இருப்பதை எடுத்து ஒரு வாசலை வரைந்துவிடு!"

ஈரமாக இருந்தது ஆறும் தோணியும் மட்டும்தான்.

"வெண்ணி, ஜன்னலை அழிக்கணும்" என்றான்.

"கொஞ்சம் பொறுங்க. அப்பா இந்தப் பக்கம் திரும்புறார்."

அவளை இத்தனை நாள் பொறுக்கச் சொன்னவன், இப்போது பொறுத்தான். ஆற்றின் ஓரம் காய்ந்துகொண்டே வந்தது. வெண்ணி கையசைத்தாள். தோணியிலிருந்தும் ஒரு கை உயர்ந்தது.

"போதுங்க. எடுத்துடுங்க."

தூரிகையால் ஆற்றை ஒற்றி எடுத்து வாசல் வரைந்தான். ஜன்னல் வெளுத்துப்போனது. அந்த வாசல் வழியாக வெண்ணி வெளியே வந்தாள்.

மறுநாள் படம் கேட்டு அரண்மனைச் சேவகன் வந்தான். "நாளைக்கு" என்று சொல்லிவிட்டு ஆதன் கடப்பாரையை எடுத்தான். பொழுது சாய்வதற்குள் ஆற்றுப் பக்கம் ஜன்னல் வந்துவிட்டது. ராஜா கோபித்துக்கொண்டாரா? இல்லையே! விஷயத்தைக் கேட்டு, அந்த ஜன்னலுக்குத் தேக்கிலே கதவு செய்து அனுப்பினார்.

வெண்ணி ஜன்னலோரம் நின்றாள். எத்தனையோ தோணிகள் போயின. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆதனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"காற்று நல்லா வருதுங்க" என்றாள், அவ்வளவுதான்.