வேங்கையும் அட்டை மரங்களும்

ஒரு விளையாட்டுக்குள் ஒரு காடு இருந்தது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் புலியைத் தேடிக் கண்டுபிடிக்கும் கைப்பேசி விளையாட்டு. கோயம்புத்தூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் அதை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

காட்டின் வாசலில் ஒரு வேங்கை மரம் நின்றது. அதை வரைந்தவள் ராகினி. சிறுவாணிப் பக்கம் போய் நிஜ வேங்கையின் பட்டையைப் படம்பிடித்து வந்து, வெடிப்பு வெடிப்பாக அதன்மேல் போர்த்தியிருந்தாள். காற்றடித்தால் எல்லா இலையும் ஒன்றாக ஆடுவது பள்ளிக்கூட டிரில் மாதிரி இருக்கும் என்று, நுனிக்கிளைக்கு ஓர் ஆட்டமும் அடிக்கிளைக்கு ஓர் ஆட்டமும் வைத்தாள். பாதையோரம் முழுவதும் நின்றவை அந்த வேங்கையின் நகல்கள்.

வேங்கைக்குத் தன்னைப் பற்றி நல்ல எண்ணம். இருக்காதா? பூச்சி அரித்த ஓட்டை முதற்கொண்டு அதன் இலையில் இருந்தது.

தூரத்து மலைச்சரிவில் நின்றவை வேறு வகை. அவை அட்டை மரங்கள். ஒரு மரத்தின் படத்தை அட்டைபோல நட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். விளையாடுபவர் எந்தப் பக்கம் நடந்தாலும் அவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வது அவற்றின் வேலை. பக்கவாட்டில் பார்த்துவிட்டால் ஒரு கோடுதான் தெரியும்.

வேங்கை அவற்றைச் சும்மா விடாது. கல்யாண வீட்டு வாசலில் கட்டும் பிளக்ஸ் பேனர்கூட உங்களைவிடத் தடிமன் என்று கேலி செய்யும். பக்கத்தில் ஓர் அரைகுறை நின்றால்தான் நமக்கு நம் முழுமை தெரிகிறது; மரத்துக்கும் அந்தக் குணம்.

அட்டை மரங்களும் சளைத்தவை அல்ல. “உன்னைப் பார்த்தால் மரம் என்பார்கள் அண்ணே. எங்களைப் பார்த்துத்தான் காடு என்பார்கள்” என்றது ஒன்று.

இத்தனையையும் திரையில் வரைந்து காட்டியது கைப்பேசிக்குள் இருந்த சில்லு, அதாவது சிப். விரல் நகமளவு உடம்பு. கண் இமைப்பதற்குள் காடு முழுவதையும் வரைந்து, அழித்து, மறுபடி வரைய வேண்டும். அது பேசுவது குறைவு. மூச்சு வாங்குவதுதான் அதிகம்.

ராகினிக்கும் அட்டை மரங்களைக் கண்டால் ஆகாது. யாரையோ ஏமாற்றுவதுபோல் கூச்சமாக இருந்தது. விளையாட்டை வெளியிடப்போகும் ஹேமாவதி அம்மா பார்க்க வரும் நாளன்று காலையில், அட்டைகளைப் பிடுங்கிவிட்டு மலை முழுக்க முழு வேங்கைகளை நட்டாள்.

சில்லு எடுத்த எடுப்பிலேயே தடுமாறியது. காற்று பாதியில் நின்றது. கிளி அந்தரத்தில் தொங்கியது. கைப்பேசி தோசைக்கல்லாகச் சுட்டது. பதறிப்போய் அட்டைகளையே திரும்ப நட்டாள். ஆனால் அட்டைகள் இருந்தபோதே இருந்த லேசான திக்கல் அப்போதும் போகவில்லை.

கூட வேலை செய்யும் நம்பி தலையில் கைவைத்தான். காட்டையே எடுத்துவிடலாம், பாலைவனம் என்றால் வெறும் மணல்தானே, திக்காமல் ஓடும் என்றான்.

“அப்போ புலியை ஒட்டகத்து மேல உக்கார வைப்பியா நம்பி?”

“அந்தம்மா வர்ற வரைக்கும் பாரு ராகினி. ஓடலைன்னா மணல்தான்.”

வேங்கைக்கு வேரெல்லாம் சில்லிட்டது. மணல் என்றால் தனக்கும் இடமில்லை. சில்லைப் பிடித்து உலுக்கியது: உனக்கு என்னதான் கஷ்டம், சொல்.

“நீதான்” என்றது சில்லு. “விளையாடுபவர் உன்னைக் கடந்து ஆற்றங்கரை போகும்வரை உன்னையும் உன் நகல்களையும் இலை குறையாமல் வரைகிறேன். ஆற்றைத் தாண்டிய பிறகுதான் உங்களை மடித்து வைத்துவிட்டு அட்டையை நடுகிறேன்.”

“என் இடத்தில் அட்டையா?”

“உன் படம் போட்ட அட்டை. மலைமேல் நிற்பவையும் உன் படங்கள்தான். இத்தனை நாளாக யாரைக் கேலி செய்தாய் என்று நினைத்தாய்?”

வேங்கை மலைச்சரிவை நிமிர்ந்து பார்த்தது. “எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?”

“அட்டையாக நிற்கும்போதும் நீ உன்னை முழுசாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாய்.”

வேங்கை கேட்டது: “கடந்து போனவர் திரும்பி என் இலைகளைப் பார்ப்பாரா?”

“எங்கே? புலியைத் தேடத்தான் அவருக்கு நேரம் சரியாக இருக்கும்.”

“அப்படியானால் என்னைக் கடந்ததுமே மடித்துவிடு. ஆனால் பக்கத்தில் வரும்போது ஓர் இலை குறையக்கூடாது.”

வெளியே ராகினியும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தாள். மரம் எங்கே அட்டையாக மாற வேண்டும் என்ற எல்லையை ஆற்றங்கரையில் வைத்தவள் அவள்தான். அதை இழுத்து மரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இலைகள் அவளுடையவை, மனம் வரத் தாமதமானது.

ஹேமாவதி அம்மா வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விளையாடினார். வேங்கையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். கிளைக்கொரு விதமாக அது ஆடிக் காட்டியது. அவர் நடந்தார், ஆற்றைத் தாண்டினார், புலியை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

வாசலிலிருந்து மலை உச்சி வரை காடு. எங்கும் திக்கவில்லை. வேங்கையும் இப்போது ஓர் அட்டையாக, மற்ற அட்டைகளோடு சேர்ந்து அவர் பக்கம் திரும்பி நின்றது. தான் குறைந்துவிட்டதாக அதற்குத் தோன்றவில்லை. மலையளவு அகலமாகிவிட்டதாகத்தான் தோன்றியது.

“எவ்வளவு பெரிய காடு” என்றார் ஹேமாவதி அம்மா. “இதுல எத்தனை மரம்மா வரைஞ்சே?”

நம்பி ராகினியைப் பார்த்தான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணுதாங்க.”