மீசைக் குரங்கின் முதுகு

அந்தக் காலத்தில், மிருகங்களுக்குப் பேச்சு இருந்தபோது, அமேசான் காட்டில் யாரி என்ற தாய்க்குரங்குக்கு ஓர் அநியாயம் நடந்தது. இரட்டைப் பிள்ளைகளை முதுகில் சுமந்துகொண்டு பட்டினி கிடந்தவளை, காடே கூடிச் சோம்பேறி என்றது.

யாரி அணிலைவிடக் கொஞ்சம் பெரியவள், அவ்வளவுதான். மூக்குக்குக் கீழே தோள்வரை தொங்கும் வெள்ளை மீசை. அவள் புருஷன் துகோவுக்கும் அதே மீசை. அந்த இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மீசை உண்டு. ஆனால் ஆணின் மீசையை மட்டும் வீரம் என்றார்கள்.

அப்போது போரோ என்ற ஊளைக்குரங்குதான் காட்டுக்குத் தலைவன். பழமரத்துக்கு முந்தி வருகிறவர் தின்னலாம், பிந்தி வருகிறவருக்குத் தோல் என்பது அவன் போட்ட சட்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, எல்லோர் முதுகும் காலியாக இருந்தால். பிள்ளை சுமப்பது தாயின் வேலை என்பதும் அவன் சட்டம்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், தோல் யாருக்கு என்று தெரிந்துவிடும்.

துகோ கெட்டவன் இல்லை. முன்னே ஓடுவான், வயிறு நிறையத் தின்பான், கொஞ்சம் வேகமாகத்தான் வாயேன் என்று திரும்பிப் பார்த்துச் சொல்வான். அவள் நடையே மெதுவென்று மனதார நம்பினான்.

தோலைத் தின்று தின்று யாரிக்குப் பால் வற்றியது. ஒரு காலையில் இரட்டையரில் சின்னவள் அழுவதையே நிறுத்திவிட்டாள். அன்று ஓடைக்கு அக்கரையில் அத்தி பழுத்திருந்தது. கூட்டம் தாண்டிவிட்டது. யாரி மட்டும் கிளை நுனியில் நின்றாள்; தாவத் தெம்பில்லை. சோம்பேறி வருகிறாள், தோலை எடுத்து வையுங்கள் என்றான் போரோ. எல்லோரும் சிரித்தார்கள். துகோவும் பாதி சிரித்தான். அப்போதுதான் சின்னவளின் தலை தொங்குவது அவன் கண்ணில் பட்டது.

கையிலிருந்த பழத்தைப் போட்டுவிட்டு இக்கரைக்குத் தாவினான்.

“கொடு.”

“ரெண்டும் கனமா இருக்கும்.”

“கொடு யாரி. நீ முதல்ல போய்ச் சாப்பிடு.”

அவள் எஞ்சியிருந்த பலத்தைத் திரட்டித் தாவினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு முதுகில் காற்றுப் பட்டது. துகோ பின்னால் வந்தான். கிளை வளைந்தது, மூச்சு வாங்கியது, இரட்டையரில் பெரியவன் அப்பனின் மீசையைப் பிடித்துத் தொங்கினான். ஒருவழியாக மரத்தை அடைந்தபோது அவனுக்குக் கிடைத்தது தோல். அதை மென்றபோதுதான் தெரிந்தது, அவள் நடை மெதுவே இல்லை.

பழம் தீர்வதற்குள் மரத்தை எட்டியிருந்த யாரி வயிறாரத் தின்றாள். மெல்லப் பால் ஊறியது. சின்னவள் குடித்தாள், பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப்போல் இனிமையானதை இருவரும் கேட்டதில்லை. தான் கடிக்காமல் வைத்திருந்த ஒரு பழத்தை யாரி துகோவின் வாயில் வைத்தாள். தன் பிள்ளையைச் சுமந்ததற்கு அப்பனுக்கு எதற்கு நன்றி என்று வாதாடலாம். அவளுக்கு நன்றிதான் வந்தது, அதை யார் என்ன செய்ய? இத்தனை நாள் நீ சுமந்ததற்கு நான் ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று அவன் அவளுடைய மீசையில் ஒட்டியிருந்த அத்தி விதைகளைப் பொறுக்கி எடுத்தான்.

போரோவுக்குப் பொறுக்கவில்லை. “ஏண்டா, மீசை வெச்ச ஆம்பளை நீ, பிள்ளை தூக்கறியே, வெட்கமா இல்ல?”

துகோ, குடித்து முடித்த பிள்ளைகளை வாங்கி மறுபடியும் முதுகில் ஏற்றிக்கொண்டான். அன்று முதல்தான் அந்த மீசைக் குரங்குகளின் குட்டிகள் அப்பன் முதுகில் வளர்கின்றன, பாலுக்கு மட்டும் அம்மாவிடம் போய்வருகின்றன. ஏற்றிக்கொண்ட பிறகு துகோ சொன்னான்:

“பால் எனக்குச் சுரக்காது. முதுகு இருக்கே.”