டைல்ஸ்காரர் தராத சாவி

"நான் உங்ககிட்ட வந்து ஒன்பது மாசம். ரெஜினா வந்து மூணு மாசம்தான். பெரிய வழக்கெல்லாம் அவளுக்கே போகுதே, ஏம்மா?"

கேட்டவர் கோதண்டபாணி, ஓய்வுபெற்ற பொறியாளர். கட்டடத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் தமயந்தியிடம் தொழில் கற்க வந்தவர். தமயந்தி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

தமயந்தி மேசை இழுப்பறையைத் திறந்தார். அளக்கும் டேப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"டயாலிசிஸ் மையத்துத் தகராறுல ரெஜினா பேசட்டும். நீங்க போய் டைல்ஸ் வேலையை அளந்துட்டு வாங்க."

டாக்டர் செம்பியன் கட்டிய மையம் அது. அவர் முழுப் பணத்தையும் கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டார். கான்ட்ராக்டர் ஊரைவிட்டே போய்விட்டார். டைல்ஸ் ஒட்டிய கஃபூர் பாய்க்கு ஒரு பைசா வரவில்லை. அவர் கட்டடத்தைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார். நோயாளிகள் வாரம் மூன்று முறை அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள்.

ரெஜினாவுக்குப் பேச்சு, தனக்கு டேப்பா? வயிறு எரிய, கோதண்டபாணி அளந்தார்.

அளக்கும்போது கஃபூர் பாய் சொன்னார்:

"பாதிப் பணம் தவணையில வந்தாலும் போதும் சார். ஆனா டாக்டர் என் ஆளுங்க முன்னாடி என்னைத் திருடன்னு சொல்லிட்டாரு. அந்த வார்த்தையை அவர் திரும்ப வாங்கிக்கணும்."

கோதண்டபாணி அளவுகளை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

ரெஜினா நான்கு முறை உட்கார்ந்து பேசினாள். தொகையை ஏற்றினாள், இறக்கினாள். எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் முகம் தொங்கி வெளியே வந்தபோது, கோதண்டபாணிக்குக் காப்பி ருசித்தது.

ஐந்தாம் நாள் தமயந்தி அவரைக் கூப்பிட்டார்.

"பாய் போன் பண்ணினார். அளவெடுக்க வந்த சார்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனேன்னார்."

கோதண்டபாணி தலை குனிந்தார்.

"அவர் கூலிக்காகச் சாவியைப் பிடிச்சு வெச்சிருக்கார். நீங்க எதுக்காக சார் அவர் சொன்னதைப் பிடிச்சு வெச்சீங்க?"

 கோதண்டபாணி எழுந்து நேரே ரெஜினாவிடம் போனார். ஒன்று விடாமல் சொன்னார், தான் மறைத்ததையும் சேர்த்து.

 அவள் உடனே டாக்டருக்குப் போன் போட்டாள்.

மறுநாள் டாக்டர் வந்தார். கஃபூர் பாயின் ஆட்கள் எல்லோரையும் நிற்கவைத்து, அவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டார். தவணைக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பூட்டு திறந்தது. டாக்டரும் பாயும் ரெஜினாவைத்தான் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கோதண்டபாணி ஓரமாக நின்றார்.

திரும்பி வந்ததும் தமயந்தியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எல்லாம் சொல்லிட்டேம்மா. மன்னிப்பும் கேட்டுட்டேன். ஆனாலும் அவளைப் பார்த்தா இன்னும் எரியுது."

தமயந்தி அடுத்த வழக்கின் கோப்பில் ரெஜினாவின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எனக்கும்தான் சார்."