வெள்ளைச் சட்டைப் பொம்மை

அநியாயம் நடந்தது சுயம்புலிங்கத்துக்கு. ஏழு மாதம் உட்கார்ந்து அவர் செய்த பொம்மைகள் மேல், அவரை ஒரு வார்த்தை கேட்காமல், அவருடைய ஆசிரியை கறுப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார். அதுவும் ஊரே பார்க்கப் போகிற நாள் காலையில். காரணம் என்னவாக இருந்தாலும் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம் அல்லவா?

ஆசிரியை ஜெசிந்தாவுக்கு இருபத்தொன்பது வயது. தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில், விரல் உயரப் பொம்மைகள் செய்து வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுப்பவர். சுயம்புலிங்கத்துக்கு அறுபத்திரண்டு. உப்பளத்தில் இருபத்தாறு வருடம் கங்காணி. அவர் செய்ததும் உப்பளம்தான். அவரிடம் வேலை பார்த்த, உப்பு வாரும் பெண்கள் பன்னிரண்டு பேர், ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் கங்காணி. அந்தப் பெண்களின் சங்கக் கட்டடம் அன்று பதினொரு மணிக்குத் திறப்பு. பொம்மைகளை வைக்க வாசலில் கண்ணாடிப் பெட்டி தயாராக இருந்தது. பன்னிரண்டு பேரும் வருவார்கள்.

எல்லாம் கற்றுக்கொண்டவர் ஒன்றை மட்டும் செய்ய மாட்டேன் என்றார். வாஷ். பெயிண்டை நீர்க்கக் கரைத்து ஓடவிட்டால், மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் மட்டும் தங்கி நிழலாகும். முதல் தடவை அவர் கெட்டியாகக் கரைத்து ஒரு முகத்தையே கரியாக்கினார். அதோடு சரி.

"எவ்வளவு தண்ணி டீச்சர்? கணக்காச் சொல்லுங்க" என்று அப்போது கேட்டார்.

"எங்க நிக்கணும்னு அதுக்கே தெரியுற அளவு."

"இதெல்லாம் ஒரு பதிலா?"

அன்று காலை எட்டு மணிக்கு அவர் படியேறி வந்தபோது பொம்மைகள் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தன. குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"என்ன டீச்சர் செஞ்சு வச்சிருக்கீய?"

"வாஷ் போட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"கேட்டா வேண்டாம்பீய."

மஞ்சள் பூசிக் குளித்தது போல அவர் தீட்டியிருந்த முகங்கள். இப்போது ஒவ்வொன்றிலும் கண்ணுக்குக் கீழே இருட்டு. கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. குதிகால் வெடிப்பை எண்ணிவிடலாம்.

"இது மாடத்தி. எப்பவும் சிரிச்ச முகம். அவளைப் போய்ச் சீக்காளி ஆக்கிட்டீயளே. பதினோரு மணிக்கு வந்து நிப்பா. நான் என்ன சொல்ல?"

"கன்னத்துல குழி நான் வெட்டலையே, அண்ணாச்சி."

"பின்ன பேய் வந்து வெட்டுச்சாக்கும்."

"செதுக்குனது நீங்க. பெயிண்டை அப்பி மூடுனதும் நீங்க."

அவர் மாடத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். குழி இருந்தது. கத்தி முனை போன தடம் அவருடையதுதான்.

"கை தன்னால வெட்டியிருக்கு. நான் நெனச்சு வெட்டல."

"குதிகாலையுமா?"

அவர் பொம்மையைத் திருப்பிக் காலைப் பார்த்தார்.

"வெடிப்புல உப்பு ஏறி இவளுக்கு நடக்க முடியாமப் போச்சு. ரெண்டு நாள் லீவு கேட்டா."

"குடுத்தீயளா?"

சுயம்புலிங்கம் மாடத்தியை இருந்த இடத்திலேயே வைத்தார். நேராக நிற்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் ஓரத்தில் நின்ற வெள்ளைச் சட்டை கண்ணில் பட்டது.

அது அவர். அந்தப் பொம்மைக்கு மட்டும் உப்புத்தாள் போட்டு மொழுமொழுவென்று தேய்த்து, பளபளக்க வார்னிஷும் அடித்திருந்தார். சட்டையில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. முகத்திலும் இல்லை. காலடிப் பலகையில் மட்டும் கறுப்பு வட்டமாகத் தேங்கிக் காய்ந்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"ஓகோ. ஆளைப் பாத்துத்தான் ஊத்துவீயளோ? கங்காணின்னா பயமா?" என்றார். "என்னைய மட்டும் ஏன் டீச்சர் விட்டீய?"

ஜெசிந்தா தூரிகையைத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, டம்ளரில் நிறுத்தினார்.

"உங்க மேலதான் முதல்ல ஊத்துனேன், அண்ணாச்சி. மூணு தடவை."